பட்டிப் பொங்கல் வைப்பது எப்படி: காங்கேயம் பக்கத்து முறை

தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம், மாடு கட்டுகிற கட்டுத்தரையில் வைக்கிற பொங்கலுக்கு எங்கள் பக்கம் பட்டிப் பொங்கல் என்று பேர். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் சுற்று வட்டாரத்தில் முதல் நாள் சூரியப் பொங்கலைவிட இதுதான் பெரிய நோம்பி. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட பிள்ளைகள் வருசத்துக்கு ஒரு தடவை இதற்கென்றே ஊருக்கு வருகிறார்கள். வந்ததும் பெரியவர்களிடம், "தெப்பக்குளம் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டணும், கொம்புக்கு என்ன பூசணும்" என்று கேட்கிறார்கள். தெப்பக்குளம் என்பது கட்டுத்தரையில் சாணியால் கரை கட்டித் தண்ணீர் ஊற்றுகிற சின்னக் குளம். பல வீடுகளில் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் எங்கள் தோட்டத்தில் செய்கிற முறையை ஒன்று விடாமல் இங்கே எழுதுகிறேன். ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு விதமாகச் சொன்னால் அதையே செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு விருந்தாளி மாடுதான். குளிப்பாட்டுவதானாலும் மாலை போடுவதானாலும் சோறு ஊட்டுவதானாலும், இது மாட்டுக்குச் சுகமா என்று கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். மாட்டை வருத்துகிற வழக்கம் எவ்வளவு பழசாக இருந்தாலும் அதை விட்டுவிடுவதில் தப்பே இல்லை.

எங்கிருந்து வந்தது

சூரியன் மகர ராசிக்குள் நுழைகிற நாள் தை ஒன்று. ஆங்கிலத் தேதிக்கு ஜனவரி 14 அல்லது 15. பகல் நீளத் தொடங்குவது என்னவோ டிசம்பர் 21, 22-லேயே. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறுவதால், நட்சத்திரத்தை வைத்துக் கணக்குப் போடுகிற நம் பஞ்சாங்கம் ஏறக்குறைய 72 வருசத்துக்கு ஒரு நாள் வீதம் தள்ளிக்கொண்டே வந்து, இன்றைக்கு மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கிறது. சுமார் 1,700 வருசத்துக்கு முன்னால் தை ஒன்றும் பகல் நீளத் தொடங்குகிற நாளும் ஒரே சமயத்தில் வந்திருக்கும். தை மாதத்துக் குளிர்ந்த தண்ணீரில் பெண்கள் நீராடி நோன்பு இருந்ததைச் சங்கப் பாட்டுகள் சொல்கின்றன. புதுப் பானையில் பால் பொங்குவது சீவக சிந்தாமணியில் வருகிறது. ஆயர்கள் காளையைத் தழுவுவது கலித்தொகையின் முல்லைக்கலியில் பல பாட்டுகளில் இருக்கிறது. இப்படித் தனித்தனியாகக் கிடந்த மாதம், பானை, மாடு மூன்றும் சேர்ந்ததுதான் நாம் இன்றைக்குக் கொண்டாடுகிற பொங்கல் என்பது என் எண்ணம்.

நாள்காட்டியில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டு அரசு விடுமுறையில் தை 1 பொங்கல், தை 2 திருவள்ளுவர் நாள், தை 3 உழவர் திருநாள். சிவப்பு எழுத்தில் திருவள்ளுவர் பேர் போட்டிருக்கிற நாள்தான் மாட்டுப் பொங்கல்.

மாட்டுக்கு ஏன் ஒரு நாள் என்று கேட்டால் எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, நந்தி கதையைச் சொல்வார். "தினமும் எண்ணெய் தேய்த்துக் குளி, மாதம் ஒரு தரம் சாப்பிடு" என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டு வரச் சிவன் நந்தியை அனுப்பினார். நந்தி அதை மாற்றி, "தினமும் சாப்பிடு, மாதம் ஒரு தரம் எண்ணெய் தேய்த்துக் குளி" என்று சொல்லிவிட்டது. "அப்படியானால் அவ்வளவு சோற்றுக்கும் நீயே போய் உழு" என்று சிவன் பூமிக்கு அனுப்பிவிட்டார். அப்புச்சி அதோடு நிறுத்த மாட்டார். "நம்முளுக்கு மூணு வேளை சோறு கேட்டு வாங்கிக் குடுத்ததே அதுதான் கண்ணு" என்பார். அவர் அந்தக் கதையைக் குற்றமும் தண்டனையுமாக ஒருநாளும் சொன்னதில்லை, பட்ட கடனாகத்தான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் மனசில் நிற்கிறது.

தஞ்சாவூர் பெரிய கோயில் நந்திக்கு மாட்டுப் பொங்கலன்று காய்கறியும் பழமும் இனிப்புமாக அலங்காரம் செய்வார்கள். மதுரைப் பக்கம் தை ஒன்று அவனியாபுரம், இரண்டு பாலமேடு, மூன்று அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு. எங்கள் ஊரில் அது வழக்கம் இல்லை. இது மழை குறைந்த மேட்டுக்காட்டுச் சீமை. வாய்க்கால் பாசனம் எட்டாத இடத்தில் கிளுவை முள்வேலி போட்டு, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக விட்டுவைத்த மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். காங்கேயம் மாடு அதில்தான் உருவானது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் பேர் பெற்றது. ஏரும் ஏற்றமும் வண்டியும் பாலும் எருவும் ஒரே கட்டுத்தரையிலிருந்து வந்த ஊரில், பொங்கல் பானையைக் கட்டுத்தரைக்கே தூக்கிக்கொண்டு போவது இயல்புதானே.

ஒரு வாரம் முன்னால்

சந்தையில் கயிறு வாங்குவதுதான் முதல் வேலை. மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு, தலைக்கயிறு, பிடிகயிறு எல்லாமே புதுசாக மாற்றுவது வழக்கம். நைலான் கயிறு மலிவு, பார்க்கவும் பளபளப்பாக இருக்கும். ஆனால் மூக்கில் அது அறுக்கும், வெயிலில் சூடாகும், முடிச்சு இறுகினால் அவசரத்துக்கு அவிழாது. நூல் கயிறே வாங்குங்கள். வாங்கினதும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, மூக்கணாங்கயிற்றுக்கு மட்டும் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவி நீவி வைத்தால் மெத்தென்று ஆகிவிடும். மூக்கணாங்கயிறு மாற்றப் பழகின கை வேண்டும். பழைய கயிற்றின் முனையோடு புதுசைச் சேர்த்துத் தைத்து அப்படியே இழுத்து மாற்றுவார்கள். அதைப் பொங்கலன்று காலை அவசரத்தில் செய்யாமல் நாலு நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். மூக்கில் புண் ஏதும் இருந்தால் ஆறவும் நேரம் கிடைக்கும்.

கொம்பு சீவுவதும் இந்த வாரத்தில்தான். கொம்பு முழுக்க உயிரில்லாத பொருள் என்று நகரத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உள்ளே எலும்பு இருக்கிறது, அதில் ரத்தம் ஓடுகிறது. வெளிக்கூடும் நுனியும்தான் நகம் மாதிரி. அதனால் கண்ணாடித் துண்டாலோ அரத்தாலோ மேல் சொரசொரப்பை மட்டும் மெல்ல எடுத்தால் போதும். கூர் வைப்பதற்காக ஆழமாகச் சீவுவது மாட்டுக்கும் ஆபத்து, பக்கத்தில் கட்டியிருக்கிற மாட்டுக்கும் ஆபத்து.

காப்புக் கட்டு

மார்கழிக் கடைசி நாள், அதாவது போகியன்று சாயங்காலம் காப்புக் கட்டுவோம். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றும் கட்டாயம். சில வீடுகளில் மாவிலையும் பிரண்டையும் தும்பையும் சேர்ப்பார்கள். மூன்றையும் ஒரு கைப்பிடியாகச் சேர்த்து நாரால் கட்டி, வீட்டு இறவாரத்தில், தலைவாசலில், கட்டுத்தரைக் கம்பத்தில், கிணற்று மேட்டில், மோட்டார் அறையில், காட்டின் மூலைகளில் செருகி வைக்க வேண்டும். வெள்ளையாகப் பஞ்சு போல நிற்கும் பூளைப்பூ மார்கழியில் வேலி ஓரமெல்லாம் இருக்கும். வேரோடு பிடுங்காமல் கொத்தை மட்டும் ஒடித்தால் அடுத்த வருசமும் அதே இடத்தில் கிடைக்கும். இந்த மூன்றும் இந்தக் காலத்தில் எந்த ஏழைக்கும் காசில்லாமல் கிடைக்கிற செடிகள், காய்ந்தாலும் வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறவை. காப்புக்கு இவற்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் நன்றாக யோசித்தவர்கள். இப்போது கோயம்புத்தூர் பூ மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள், வாங்கிக் கட்டுவதிலும் குறை ஒன்றும் இல்லை.

போகிக்குப் பழையதை எரிக்கிற வழக்கம் உள்ளவர்கள் டயரையும் பிளாஸ்டிக்கையும் கட்டுத்தரைப் பக்கம் கொளுத்தவே வேண்டாம். பனி இறங்குகிற நேரத்தில் புகை மேலே போகாமல் தரையோடு நிற்கும், கட்டிப் போட்ட மாடு விலகிப் போக முடியாது.

மறுநாள் தை ஒன்று. வாசலில் சூரியப் பொங்கல். அதை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் நேராக இரண்டாம் நாளுக்கு வருகிறேன்.

குளிப்பாட்டுவது

விடிகாலையில் மாட்டைக் குளிப்பாட்ட இழுத்துக்கொண்டு போகாதீர்கள். தைப் பனி கடுமையானது. வெயில் நன்றாக ஏறி, கல் சூடான பிறகு, ஒன்பது பத்து மணிக்குமேல் ஆரம்பிக்கலாம். கிணற்றுத் தண்ணீர் காலையில் வெதுவெதுப்பாக இருக்கும், அது நல்லது. மேல்தொட்டித் தண்ணீர் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும், அதைக் கொஞ்சம் வெயிலில் நிற்க விடுங்கள். முதலில் கால், பிறகு தொடை, பிறகு முதுகு என்று தண்ணீரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எடுத்த எடுப்பில் முதுகில் ஒரு குடம் ஊற்றினால் மாடு மிரளும். காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் தண்ணீர் போகக் கூடாது. தேய்க்க வைக்கோல் திரி அல்லது தேங்காய் நார் போதும். துணி துவைக்கிற பொடியையும் சவுக்காரத்தையும் போட்டால் தோல் வறண்டு சொறி வரும். கூடவே நக்கிக்கொள்கிற பிராணி அது. வாலடியிலும் தொடை இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. குளித்ததும் வெயிலில் கட்டி, ஒரு கட்டு சோளத்தட்டு, அதாவது காய்ந்த சோளப்பயிர், போடுங்கள். ஏன் முதலில் தட்டு என்பதைக் கீழே சொல்கிறேன்.

குளிப்பாட்டுகிற நேரத்தில் இளவட்டங்களை வண்டி, கலப்பை, மண்வெட்டி, கொடுவாள் எல்லாவற்றையும் கழுவச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் டிராக்டருக்கும் பால் கறக்கிற மிசினுக்கும்கூடச் சந்தனம் குங்குமம் உண்டு.

கொம்புக்கு என்ன பூசுவது

இரும்புக் கதவுக்கு அடிக்கிற எனாமல் பெயின்டைத்தான் இன்றைக்குப் பல இடத்தில் கொம்புக்கு அடிக்கிறார்கள். டப்பாவைத் திறந்ததும் நமக்கே கண் எரிகிறது. அந்த வாடை மாட்டின் கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரு சாண் தள்ளி நாள் முழுக்க இருக்கிறது. அடிக்கொம்பில் வழிந்து தோலில் பட்டால் கொப்புளிக்கும். ஒரு மாடு இன்னொன்றை நக்கும்போது உள்ளே போகும். காய்ந்து உரிகிற சிலும்பு தீவனத் தொட்டியில் விழும். அடுத்த பொங்கல் வரைக்கும் திட்டுத் திட்டாக நிற்கும்.

காவிக்கல் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். அதை இழைத்து, வேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழம்பாகக் குழைத்துப் பூசினால் செக்கச் செவேல் என்று இருக்கும். ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைப் பட்டை போடலாம். சுண்ணாம்பு கண்ணில் படக் கூடாது, அதனால் கொம்பின் மேல் பாதியில் மட்டும் போடுங்கள். பளபளப்பு வேண்டும் என்றால் வண்ணமே வேண்டாம். விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துப் பழந்துணியால் கொம்பு முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற மயிலை மாட்டுக்குக் கறுத்த கொம்பு கொடுக்கிற அழகை எந்தக் கடை வண்ணமும் கொடுக்காது. கட்சிக் கொடி நிறத்தில் ஒரு கொம்புக்கு ஒன்று என்று அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு சுருங்கும். மாட்டை அதில் இழுக்க வேண்டாம்.

வண்ணம் பூசும்போது ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாடையடியில் சொறிந்துகொடுக்க வேண்டும். மாடு தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடினால் பூசலாம். தலையை உதறினால் நிறுத்திவிடுங்கள். ஒரு கொம்பில் வண்ணம் இல்லாமல் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கழுத்துக்கு வெண்கல மணி, சலங்கை, கறுப்புக் கயிற்றில் கோத்த சங்கு. வேப்பிலையும் ஆவாரம்பூவும் வைத்துக் கட்டின மாலை. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நெட்டி மாலை செய்கிறார்கள், குளத்தில் விளைகிற தக்கையில் செய்தது, கனமே இருக்காது. ஜிகினாத் தாளும் பிளாஸ்டிக் பூவும் பலூனும் மட்டும் வேண்டாம். எட்டினதைத் தின்னுகிற பிராணிக்குக் கழுத்தில் பிளாஸ்டிக்கைத் தொங்கவிடுவது அதன் வயிற்றுக்குள் நாமே போடுவதுதான்.

தெப்பக்குளம்

எங்கள் முறையில் உயிரான இடம் இது. மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தால் சரியாக இருக்கும். கட்டுத்தரையில் ஒரு மூலையைக் கூட்டி, சாணி கரைத்து மெழுகிக் காயவிடுங்கள். அன்று காலை போட்ட சாணிதான் வேண்டும். பசுஞ்சாணியில் நார் இருக்கும், கரை உடையாது. இளகலாக இருந்தால் கொஞ்சம் வைக்கோல் தூள் சேர்த்துப் பிசையலாம்.

கிழக்குப் பார்த்து, பக்கத்துக்கு ஒரு முழம் வருகிற மாதிரி சதுரமாகக் கரை கட்டுங்கள். கரை நாலு விரல் உயரம் போதும். சாணியை உருண்டை உருண்டையாக எடுத்து வரிசையாக வைத்து, பெருவிரலால் உள்பக்கம் அழுத்தி, உள்ளங்கையால் வெளிப்பக்கம் நீவ வேண்டும். கையை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டால் கரை வழுவழுப்பாக வரும். எங்கள் அத்தை மூலைகளை மட்டும் கடைசியில் இரண்டு விரலால் கிள்ளிக் கூராக்குவார், நான்கு கோபுரம் வைத்த மாதிரி நிற்கும். மேற்குக் கரையில் சாணிப் பிள்ளையார், தலையில் அறுகம்புல். கரை மேல் வரிசையாக ஆவாரம்பூவைச் செருகுங்கள். மூலைக்கு ஒன்றாகக் கரும்புத் தோகை நடுங்கள். குளத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு கை பசும்பால், ஒரு சிட்டிகை மஞ்சள். தண்ணீர் கசிந்தால் பதற வேண்டாம், கசிகிற இடத்தில் உள்பக்கமாக இன்னும் ஒரு விரல் சாணி வைத்து அப்பினால் நின்றுவிடும். ஊரை விட்டுப் போய் எத்தனை வருசமானாலும் இந்த வேலையில் உட்கார்ந்த பிள்ளைகள் கைபேசியை எடுக்கிறதில்லை. சாணிக் கையால் எடுக்கவும் முடியாது.

பொங்கல் வைக்கிறது பக்கத்திலேயே. மூன்று கல் அடுக்கி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை மாட்டின் மேல் போகாத இடத்தில் அடுப்பு. தட்டுப்போரும் கூரையும் பக்கத்தில் இருந்தால் ஒரு குடம் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பச்சரிசி ஒரு படிக்குப் பாசிப்பருப்பு கால் படி. ஐந்து பங்கு தண்ணீரில் கொஞ்சம் காலைப் பாலும் சேர்த்து உலை வைத்து, பொங்கி வழிந்ததும் அரிசி பருப்பைப் போடுகிறோம். நன்றாகக் குழைந்த பிறகுதான் இனிப்பு. அரிசி வேகும் முன் சர்க்கரை போட்டால் பருக்கை விறைத்துக்கொள்ளும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கிடைத்தால் அதைப் போடுங்கள், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவது அதுதான். ஒன்றேகால் படி போதும். மாட்டுக்கு என்று ஒரு சின்னப் பானையில் சர்க்கரையே போடாமல் வெண்பொங்கலாக எடுத்து வையுங்கள், மிளகு சீரகமும் வேண்டாம்.

பட்டி மிதித்தல்

பொழுது சாயும் நேரம், மேய்ச்சலுக்குப் போன மாடு திரும்புகிற நேரம்தான் பூசைக்குச் சரி. வாழையிலையில் பொங்கல், தேங்காய், பழம், கரும்பு. மாட்டின் காலில் தண்ணீர் ஊற்றி, நெற்றியிலும் திமிலிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, கற்பூரத்தைத் தட்டில் தள்ளியே நின்று காட்டுங்கள். முகத்துக்கு நேராகத் தீயைக் கொண்டுபோனால் எந்த மாடும் பின்வாங்கும்.

அதற்குப் பிறகு கன்றை அவிழ்த்துக்கொண்டு வந்து தெப்பக்குளத்தை மிதிக்க விட வேண்டும். கரை உடைந்து தண்ணீர் ஓடும்போது எல்லோருமாகச் சாப்பாட்டுத் தட்டைத் தட்டி, "பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக" என்று கட்டுத்தரையைச் சுற்றி வருவோம். போன வருசம் எங்கள் கன்றுக்கு ஆறு மாசம், பிறந்தபோது இருந்த செம்பழுப்புச் செவலை நிறம் போய் மயிலையாக மாறத் தொடங்கின சமயம். காங்கேயம் கன்றுக்கு அந்த வயசில்தான் நிறம் மாறும். குளத்துக்கு ஒரு அடி முன்னால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. கொழுந்தனார் மகன் பின்னாலிருந்து தள்ளப் போனான். அத்தை அவனைத் தடுத்து, தாய்ப் பசுவை அவிழ்த்துக் குளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். தாய் ஒரு தரம் அடித்தொண்டையில் கூப்பிட்டது. கன்று நேராக நடந்து வந்தது. முன்னங்கால் இரண்டும் குளத்துக்குள், பிள்ளையார் மேல் படாமல் கடந்து போனது. தள்ளி, வாலை முறுக்கி மிதிக்க வைப்பதில் அர்த்தமே இல்லை. கூப்பிட்டு வர வையுங்கள்.

பேரூர் பட்டீஸ்வரர் கோயிலில் லிங்கத்தின் மேல் பட்டி என்ற கன்றின் குளம்புச் சுவடு இருக்கிறது. காமதேனுவின் கன்று அது, புற்றை மிதித்தபோது பட்டது, சிவன் அதை விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று தலபுராணம். கன்று மிதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவடு நினைவுக்கு வரும்.

பட்டாசு வெடிக்காதீர்கள். கட்டின மாடு மிரண்டு கயிற்றில் விழுந்தால் கழுத்து முறியும், சினை மாட்டுக்குக் கரு கலையும். தட்டுச் சத்தமே போதும்.

சோறு ஊட்டும்போது

இந்த இடத்தை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு தையிலும் பொங்கல் தின்றே மாடுகள் சாகின்றன. மாட்டின் முதல் வயிறு புல்லையும் தட்டையும் நொதிக்க வைக்கிற பெரிய தொட்டி. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. குழைந்த சோறும் வெல்லமும் மொத்தமாக உள்ளே போனால் மளமளவென்று நொதித்து அமிலமாகிவிடும். அந்த அமிலத்தில் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, அசை நின்று, வயிறு உப்பி, புளித்த வாடையோடு கழிச்சல் போகும். மாடு தள்ளாடும், படுத்தால் எழாது. ஒரே நாளில் உயிரே போகலாம். ஆட்டுக்கு இன்னும் சீக்கிரம்.

அதனால்தான் முதலில் வயிறு நிறையத் தட்டு போடச் சொன்னேன். பொங்கல் ஒரு மாட்டுக்கு ஒரு உள்ளங்கை உருண்டை, அதோடு சரி. வீட்டுக்கு வந்த சொந்தபந்தம் ஆளுக்கு ஒரு வாய் ஊட்ட ஆசைப்படும், அங்கேதான் அளவு தப்புகிறது. அவர்கள் கையில் கரும்புத் தோகையையோ அகத்திக் கீரையையோ கொடுத்து ஊட்டச் சொல்லுங்கள். மீந்த பொங்கலைத் தொட்டியில் கொட்டவே கூடாது. பானையை மாடு எட்டாத இடத்தில் மூடி வையுங்கள், ராத்திரி கயிறு அவிழ்ந்த மாடு நேராகப் பானைக்குத்தான் போகும்.

ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு தரம், விடிந்ததும் ஒரு தரம் போய்ப் பாருங்கள். அசை போட்டுக்கொண்டிருந்தால் கவலை இல்லை. அசை நின்று இடது பக்க வயிறு கல்லாக இருந்தால் கை வைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962. என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அன்று சாயங்காலப் பாலைக் கறக்காமல் கன்றுக்கே விட்டுவிடுவோம். குறைவாகக் கறக்கிற காங்கேயம் பசுவுக்கு இது சரி. அதிகம் கறக்கிற கலப்பினப் பசுவை அப்படியே விட்டால் மடி நோய் வரும், கன்றுக்கும் கழிச்சல் பிடிக்கும். கன்று குடித்த மிச்சத்தைக் கறந்துவிடுங்கள்.

மாடே இல்லாத வீடு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: மாடு வைத்திருக்கிற பங்காளி வீட்டுக்கோ அக்கம் பக்கத்துக்கோ ஒரு கட்டு தட்டும் ஒரு நூல் கயிறும் கொண்டுபோங்கள். சந்தோசமாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள். கோசாலைக்குப் போகிறவர்களும் சோற்றைக் கொண்டுபோகாமல் தீவனம் வாங்கிக் கொடுங்கள்.

மூன்றாம் நாள் எங்கள் பக்கம் பூப்பறிக்கும் நோம்பி. பெண்பிள்ளைகள் பலகாரம் கட்டிக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போய், கும்மியடித்துப் பாடிவிட்டு வருவார்கள். அவர்கள் கிளம்பும் முன்னாலேயே மாட்டின் மாலையையும் சலங்கையையும் கழற்றி, கழுத்தில் கயிறு உரசின இடத்தைப் பார்த்து, உடைந்த தெப்பக்குளத்தை மண்வெட்டியால் வழித்து எருக்குழியில் போட்டுவிடுங்கள். கயிறு புதுசானதால் இரண்டு மூன்று நாளில் தளரும், முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கும்.